ஆதாம் நிஜமாகவே வாழ்ந்தவரா? ஞாயிறு பள்ளியில் கேட்ட பையனுக்கு என்ன சொல்வது?

செல்வி, சாத்தான்குளம் (செவ்வாய் இரவு)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் ஏழு வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். 11 முதல் 13 வயதுப் பிள்ளைகள், பதினான்கு பேர். வார நாட்களில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இறையியல் படித்தவள் இல்லை. அப்பா உபதேசியாராக இருந்தவர். அவர் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரிந்த வேதம்.

போன ஞாயிறு, ஆதாமின் மகன் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்ற பாடம். கதையை முடித்து மனப்பாட வசனம் சொல்லிக் கொடுக்கும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "அக்கா, காயீன் பொண்டாட்டி எங்கேருந்து வந்தாங்க?" ஆதாமுக்குக் குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று ஆதியாகமம் 5:4-ல் இருக்கிறது, அவர்களில் ஒருத்தி என்று சொன்னேன். அவன் உட்காரவில்லை. "அப்போ யாரோ தன்னைக் கொன்னுடுவாங்கன்னு காயீன் பயந்தானே, அது யாரு? யாருக்காகப் பட்டணம் கட்டினான்?" கொஞ்சம் நின்றுவிட்டு, மெதுவாக, "ஆதாம் நிஜமாவே இருந்தாராக்கா, இல்ல கதையா?" என்றான்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் நான் கடந்து போயிருப்பேன். அந்தப் பையனின் அப்பா போன வருடம் தவறிவிட்டார். அதற்கப்புறம் அவன் எதையும் மேலோட்டமாகக் கேட்பதில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். வீட்டுக்கு வந்து முதல் ஐந்து அதிகாரங்களையும் மூன்று தடவை வாசித்தேன். வாசிக்க வாசிக்க அவன் கேட்டது நியாயம் என்றுதான் படுகிறது. அவனுக்குப் பொய் சொல்ல முடியாது. அவன் விசுவாசத்தை நானே உடைக்கவும் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சகோ. டேனியல், கோவை

சகோதரி, உங்கள் பாரம் புரிகிறது. எங்கள் வீட்டில் முதல் விசுவாசி நான். 19 வயதில் வேதத்தைக் கையில் எடுத்தபோது இதே கேள்வி எனக்கும் வந்தது.

என் பதில், ஆம், ஆதாம் வாழ்ந்தவர். லூக்கா 3-ல் இயேசுவின் வம்சவரலாறு யோசேப்பில் தொடங்கி ஆதாமில் போய் முடிகிறது. தாவீதும் ஆபிரகாமும் அதே வரிசையில் நிற்கிறார்கள். எந்த இடத்தில் நிஜ ஆட்கள் முடிந்து கதை ஆட்கள் தொடங்குகிறார்கள் என்று யார் கோடு போடுவது? 1 நாளாகமம் முதல் வசனமே ஆதாம், சேத், ஏனோஸ். யூதா நிருபம் ஏனோக்கை ஆதாமுக்கு ஏழாம் தலைமுறை என்று எண்ணிச் சொல்கிறது. விவாகத்தைப் பற்றிக் கேட்டபோது கர்த்தராகிய இயேசுவே ஆதியில் ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினதைத்தான் எடுத்துக் காட்டினார்.

எல்லாவற்றுக்கும் மேல் ரோமர் 5. ஒரே மனுஷனாலே பாவம் வந்தது, ஒருவராலே கிருபை வந்தது. முதல் ஒருவனை நீக்கிவிட்டால் இரண்டாவது ஒருவர் எதற்காக மரித்தார்?

காயீனுடைய பயத்துக்கு வருகிறேன். ஆதாம் 930 வருடம் வாழ்ந்தார். கொலை நடந்தபோது காயீனுக்கு என்ன வயது என்று வேதம் சொல்லவில்லை. அதற்குள் சகோதரர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று பலர் இருந்திருக்கலாம். பையனுக்குத் தைரியமாகச் சொல்லுங்கள். ஜெபிக்கிறேன்.


ஓய்வுபெற்ற சேகர குரு, நாசரேத் பக்கம்

மகளே செல்வி, எனக்கு வயது 71. 34 வருடம் சேகரங்களில் ஊழியம் செய்தவன். இறையியல் கல்லூரியில் முதல் வருடம், எபிரெய வகுப்பில் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை மூலத்தில் வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தினால் என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அதில் பாதி சந்தோஷம்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஆறாயிரம் வருடத்துக்கு முன்னால் ஆதாம் என்று ஒரே ஒரு ஆள் இருந்தார், பூமியில் வேறு மனிதரே கிடையாது என்று நான் நம்பவில்லை. அதைச் சொல்வதற்காக அந்த அதிகாரங்கள் எழுதப்பட்டன என்றும் நினைக்கவில்லை. இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது விஞ்ஞானப் புத்தகம் அல்ல, அந்த எபிரெயப் பக்கம்தான். அதனால் நீயும் அங்கிருந்தே தொடங்கு.

உன் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைத் திற. 2:7-ல் தேவனாகிய கர்த்தர் "மனுஷனை" மண்ணினாலே உருவாக்குகிறார். 2:19-ல் மிருகங்களுக்குப் பெயர் வைப்பது "ஆதாம்". எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், ஹா-ஆதாம். ஆதாம் என்றால் மனிதன். முன்னால் வரும் ஹா, 'அந்த' என்று சுட்டுகிற ஒட்டு. எபிரெயத்தில் ஆட்பெயருக்கு முன்னால் அந்த ஒட்டு வராது. ஆக மூலத்தில் அங்கே இருப்பது 'அந்த மனிதன்'. எந்த இடத்தில் அதை ஒரு ஆளின் பெயராக மாற்றுவது என்று மொழிபெயர்த்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். 4:25-க்கு வரும்போது மூலத்திலேயே ஒட்டு இல்லாமல் ஆட்பெயராக நிற்கிறது. 5:2-ல் "அவர்களுக்கு மனுஷர் என்று பேரிட்டார்" என்று வாசிக்கிறோமே, அங்கேயும் மூலத்தில் இருக்கிற சொல் ஆதாம்தான். ஆணையும் பெண்ணையும் சேர்த்து தேவன் வைத்த பெயர் அது.

மண்ணுக்கு எபிரெயத்தில் அதாமா. அதாமாவிலிருந்து ஆதாம். மண், மனிதன் என்று நமக்கும் காதில் ஒட்டுகிறது, ஆனால் நம்முடையது வேறு வேர். அவர்களுக்கு அது கதையின் உயிர்நாடி. சிவப்புக்குச் சொல்லும் அதோம் என்ற சொல்லும் அதே எழுத்துகளில் எழுதப்படுவது. உன் ஊரைச் சுற்றிச் செந்தேரிச் சிவப்பு மணல் கிடக்கிறதே, அதில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் கையில் போடு. எந்த வியாக்கியானமும் அதைவிட நன்றாகச் சொல்லாது.

மற்ற பெயர்களையும் பார். ஏவாள், எபிரெயத்தில் ஹவ்வா, உயிர் என்ற சொல்லோடு சேர்ந்தது. ஜீவனுள்ளோருக்கெல்லாம் தாய் என்று வசனமே விளக்குகிறது. நோத் தேசம் என்றால் அலைகிற தேசம். "நிலையற்று அலைகிறவனாயிருப்பாய்" என்று சாபம் பெற்றவன் போய்ச் சேரும் இடத்துக்கு அந்தப் பெயர். ஆபேல், ஹேவெல். வாயிலிருந்து வந்து மறைகிற மூச்சு. பிரசங்கி "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்கிறாரே, அந்த மாயை என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது இதே ஹேவெல். எபிரெயம் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னால் அதன் காதில் விழுவது மண்ணானவனும் உயிரானவளும் சேர்ந்து ஒரு மூச்சைப் பெற்றார்கள், அந்த மூச்சு அடங்கிப்போயிற்று என்றுதான். நமக்கு அவை வெறும் வெளிநாட்டுப் பெயர்களாகிவிட்டன. அந்த இழப்பு எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

இன்னொன்று. முதல் அதிகாரத்தில் செடி, மிருகம், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வருகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், அப்புறம் தோட்டம், அப்புறம் மிருகங்கள், கடைசியில் பெண். முதலாவதில் "தேவன்" என்று மட்டும் இருக்கும். 2:4-லிருந்து "தேவனாகிய கர்த்தர்". தமிழிலேயே இந்த மாற்றம் தெரியும், உன் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல். வரிசை முரண்படுவது தொகுத்தவர்களுக்குத் தெரியாமல் போயிருக்காது. தெரிந்தேதான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள். நடந்ததை நடந்த வரிசையில் பதிவு செய்வது நோக்கமாக இருந்தால் ஒன்றை விட்டிருப்பார்கள். மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் திருச்சபை அறிஞர் ஒரிகென், சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி, தேவன் தோட்டக்காரனைப்போல மரம் நட்டாரா என்று கேட்டு, இவற்றை உருவகமாக வாசிக்கச் சொன்னார். டார்வினுக்கு வெகு காலம் முன்னால்.

ஐந்தாம் அதிகாரத்து வயதுகளையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். சேத் பிறந்தபோது ஆதாமுக்கு 130 வயது என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் எழுத்துப் பொறித்த ஒரு களிமண் பட்டகம் இருக்கிறது, சுமேரிய அரசர் பட்டியல். அதில் வெள்ளத்துக்கு முன்னால் எட்டு அரசர்கள், மொத்தம் 2,41,200 வருட ஆட்சி. முதல் அரசன் அலுலிம் மட்டும் 28,800 வருடம். அதற்குப் பிறகுதான் வெள்ளம். அந்தப் பட்டியலில் ஏழாவது அரசன் சூரியத் தெய்வத்தின் நகரமான சிப்பாரை ஆண்டவன். நம் பட்டியலில் ஏழாவது ஏனோக்கு, அவன் வயது 365, சூரிய வருடத்தின் நாட்கள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தேன். அந்தப் பழைய உலகத்தில் ஆதிகால முன்னோரைப் பற்றிப் பேசும் முறை அது. நம் ஆட்கள் அதே பாணியில் பேசினார்கள், ஆனால் சொன்னது வேறு. பாபிலோனியக் கதையில் தேவர்களின் வேலைப் பளுவைச் சுமக்கத்தான் களிமண்ணில் மனிதனைப் பிசைகிறார்கள். தெய்வத்தின் சாயல் என்று அங்கே அரசனைச் சொல்வார்கள். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை எடுத்து ஒவ்வொரு ஆணுக்கும் பெண்ணுக்கும் கொடுத்தது. பனையேறியின் மகனான எனக்கும்.

பையனிடம், "நல்ல கேள்வி, பெரியவர்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் ஒரே பதில் சொல்வதில்லை" என்று முதலில் சொல். அது உண்மை. அப்புறம் பெயர்களைச் சொல்லிக் கொடு.


உயிரியல் டீச்சர், திருச்சி

செல்வி, நான் கத்தோலிக்கப் பெண். நாங்கள் தொடக்க நூல் என்று படிப்போம். மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. விஞ்ஞானிகள் ஏவாளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். 1987-ல் கலிஃபோர்னியாவில் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை, பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்து, ஒப்பிட்டார்கள். அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருவது. பின்னோக்கிப் போனால் எல்லோருடையதும் ஏறத்தாழ 2,00,000 வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைகள் அவளுக்கு ஏவாள் என்று பெயர் வைத்துவிட்டன. அன்றைக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள் என்று அதற்கு அர்த்தமே இல்லை.

என் மாணவிகளுக்குப் பாம்படத்தை வைத்துச் சொல்வேன். ஒரு ஊரில் நூறு பாட்டிகள் காதில் பாம்படம் போட்டிருக்கிறார்கள், அது அம்மாவிடமிருந்து மகளுக்கு மட்டும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன்களை மட்டும் பெற்றவளின் பாம்படம் அவளோடு நின்றுவிடும். பல தலைமுறை கழித்துப் பார்த்தால் ஊரில் மிஞ்சியிருப்பது ஒரே பாட்டியின் வழி வந்ததாக இருக்கலாம். அதனால் மற்ற தொண்ணூற்றொன்பது பாட்டிகளும் இல்லாமல் போய்விடுவார்களா? அவர்கள் ரத்தமும் பேரன் பேத்திகளிடம் ஓடுகிறது.

மரபணு பக்கம் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. இரண்டு பேரிடம் ஒரு மரபணுவின் நான்கு பிரதிகள்தான் இருக்க முடியும். நம் நோயெதிர்ப்பு மரபணுக்களில் சிலவற்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. ஆறாயிரம் வருடத்தில் நாலிலிருந்து அவ்வளவு வர நேரம் போதாது. மொரோக்கோவில் ஜெபல் இர்ஹூத் குகையில் கிடைத்த நம் இன எலும்புகளுக்கே மூன்று லட்சம் வருடம் ஆகிறது.

ஆனால் டேனியல் சகோதரருக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும், அது நியாயம். 2004-ல் கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு ஆய்வு வந்தது. இன்று உயிரோடிருக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு முன்னோர் சில ஆயிரம் வருடத்துக்கு முன்னால்கூட வாழ்ந்திருக்கலாம் என்று அது சொல்கிறது. நம்மை உண்டாக்கிய ஒரே முன்னோர் என்றில்லை, லட்சக்கணக்கான முன்னோர்களில் ஒருவர். இதை வைத்து, வேறு மனிதர்களுக்கு நடுவில் ஆதாமும் ஒருவராக வாழ்ந்திருக்கலாம் என்று வாதிடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். விஞ்ஞானம் அதை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காயீன் யாருக்குப் பயந்தான் என்று கேட்ட உங்கள் பையனுக்கு இது பிடிக்கும்.

எங்கள் திருச்சபையிலும் இது முடிந்துபோன விஷயம் இல்லை. 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், முதல் பெற்றோர் பலர் என்ற கருத்து ஜென்மப் பாவப் போதனையோடு எப்படி ஒத்துப்போகும் என்று தெரியவில்லை என எழுதினார். 1996-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று சொன்னார். நான் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் திங்கட்கிழமை வகுப்புக்கும் போகிறேன்.


நிஸார், புத்தளம்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு ஆதம் நபி முதல் மனிதர், முதல் நபி. அதில் எனக்குக் கேள்வியில்லை. ஒரு ஞாபகத்தை மட்டும் பகிர்ந்துகொள்கிறேன். சின்ன வயதில் வாப்பா என்னைப் பாவாதமலைக்குக் கூட்டிப் போனார். சிவனொளிபாதமலை என்றும் ஸ்ரீபாத என்றும் சொல்வது அதைத்தான். சுவனத்திலிருந்து இறங்கிய ஆதம் நபி முதலில் கால் பதித்த இடம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 1344-ல் இப்னு பதூதா ஏறிய மலை. ராத்திரி முழுக்க ஏறினோம். முன்னால் ஒரு சிங்களப் பாட்டி புத்தருடைய பாதத்துக்காக ஏறிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு குடும்பம் சிவனுக்காக. வாப்பா அந்தப் பாட்டியின் பையைத் தூக்கி வந்தார். உங்கள் பக்கம் ராமேசுவரத்திலும் ஆபில் காபில் தர்கா உண்டு, ஆபேல், காயீன் என்ற அந்த இரண்டு சகோதரர்களின் கப்ர், அதாவது அடக்கத்தலம் என்று சொல்லப்படுவது. அந்தப் பையனை ஒரு நாள் அங்கே கூட்டிப் போங்கள்.


சகோ. டேனியல், கோவை

ஐயா, பெயர்களின் அர்த்தத்தை நான் மறுக்கவில்லை. ஆபிரகாமுக்கும் அர்த்தம் உண்டு, அதனால் ஆபிரகாம் இல்லையென்று ஆகிவிடுமா? என் பயம் வேறு. பவுல் ஆதாமை ஒரு ஆளாக நம்பினார். அதில் அவர் தவறினார் என்றால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் சொன்னதை நான் எப்படி நம்புவது? 1 கொரிந்தியர் 15-ல் இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. என் அம்மாவை அடக்கம் பண்ணின அன்று நான் பிடித்துக்கொண்டு நின்றது அந்த அதிகாரத்தைத்தான்.


ஓய்வுபெற்ற சேகர குரு, நாசரேத் பக்கம்

தம்பி டேனியல், நானும் எத்தனையோ அடக்க ஆராதனையில் அந்த அதிகாரத்தை வாசித்தவன். உன் கேள்விதான் இதில் கடினமானது. லேசாகப் பதில் சொல்ல மாட்டேன்.

பவுல் ஆதாமை ஒரு ஆளாகத்தான் நினைத்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அதிகாரத்தில் உயிர்த்தெழுதலுக்கு அவர் என்ன சாட்சி வைக்கிறார் என்று பார். கேபா என்கிற பேதுரு கண்டார், பன்னிருவர் கண்டார்கள், ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்கள் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், கடைசியில் நான் கண்டேன் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரி. ஆதாமைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை. தன் வேதத்தில் வாசித்ததைச் சொல்கிறார். ஒன்று கண்ட சாட்சி, மற்றது வாசித்த வேதம். முதலாவது இரண்டாவதன் தோளில் நிற்கவில்லை.

இன்னும் ஒன்று கவனி. எரேமியா, ஆமோஸ் இருவரும் ஜனங்களின் பாவத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள். ஒரு தடவைகூட இது ஆதாமால் வந்தது என்று சொல்லவில்லை. பவுல் முதலில் சந்தித்தது கிறிஸ்துவை. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்து ஆதாமில் முன்னடையாளத்தைக் கண்டார். ரோமர் 5:12-ஐயும் தமிழில் மெதுவாக வாசி. "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்று இருக்கிறது. லத்தீன் வேதாகமத்தில் இதே இடம் 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று பொருள்படும்படி அமைந்துபோயிற்று. ஜென்மப் பாவப் போதனைக்கு உருக்கொடுத்த அகுஸ்தீன் வாசித்தது அதை. நம் தமிழ் கிரேக்கத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

இதற்கு மேலும் உனக்கு ஆதாம் ஒரு ஆளாகத்தான் தெரிகிறார் என்றால், டீச்சர் சொன்ன வழியில் அதற்கு இடம் இருக்கிறது. அதற்காக உன்னோடு சண்டை போட மாட்டேன்.


செல்வி, சாத்தான்குளம் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு வகுப்பு எடுத்துவிட்டேன்.

காலையில் தம்பியை பைக்கில் அனுப்பி ஒரு சில்வர் டப்பா நிறையத் தேரி மண் எடுத்து வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பிடி கொடுத்து, அதாமா, ஆதாம் என்று பலகையில் எழுதினேன். டேனியல் அண்ணன் சொன்னதையும் சொன்னேன், ஐயா சொன்னதையும் சொன்னேன். இரண்டு பேரும் ஜெபிக்கிறவர்கள், இரண்டு பேரும் வேதத்தை நேசிக்கிறவர்கள் என்றும் சொன்னேன். 'தேவன்', 'தேவனாகிய கர்த்தர்' மாற்றத்தை ஒரு ஆறாம் வகுப்புப் பெண் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தாள். பாம்படக் கணக்கு பாதிப் பேருக்குப் புரியவில்லை, அதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்கள். புதன்கிழமை போதகர் ஐயாவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஐயாவின் பதிலை அச்செடுத்துக்கொண்டு போகலாமா?

அந்தப் பையன் மண்ணைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தான். ஆபேல் என்றால் மூச்சு என்று சொன்னதும், "அக்கா, பிறந்த பிள்ளைக்கு யாராவது அப்படிப் பேர் வைப்பாங்களா? சீக்கிரம் போயிடுவான்னு அவங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை, வேதத்தைத் திறந்து பார்க்கலாம் என்றேன். நாலாம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை அவனையே வாசிக்கச் சொன்னேன். காயீன் பிறந்ததும் ஏவாள் பேசுகிறாள், "கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்" என்கிறாள். ஆபேல் பிறந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அந்த இரண்டு வசனத்தையும் திரும்ப ஒரு தடவை வாசித்துவிட்டு உட்கார்ந்தான்.